காத்திருப்போர்: ஒருவர்

உறுப்பு ஒதுக்கீட்டு ஆணையத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பெரிய மின்பலகை தெரியும். 'இன்றைய நிலவரப்படி காத்திருப்போர்: 1' என்று அதில் பச்சை எழுத்து எரிந்துகொண்டிருக்கும். ஆறு வருடமாக அப்படியேதான் எரிகிறது. அந்த ஒருவர் யார், ஆறு வருடமாக எந்த உறுப்புக்காகக் காத்திருக்கிறார், இன்னும் உயிரோடுதான் இருக்கிறாரா என்றெல்லாம் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் ஆணையத்தில் கேள்வி கேட்க வேண்டுமானால் பதினான்காம் படிவத்தை நிரப்ப வேண்டும். பதினான்காம் படிவம் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும்.

படிவம் இல்லாமலே கேட்டவள் ஒருத்தி உண்டு. அவளை அங்கே எல்லோரும் 'ஒப்பந்தம்' என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் அப்படியா பெயர் வைத்திருப்பார்கள்? ஆணையத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ள ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தவள் அவள். ஒப்பந்தத்தை இருபத்து நாலு தடவை நீட்டிவிட்டார்கள், பெயர் நிலைத்துவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் டேட்டாபேஸைத் தொட்டதைவிட அவள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவியதுதான் அதிகம்.

அவளைக் கேட்க வைத்தவன் அண்ணன். பஸ் டிரைவராக இருந்தவன், சிறுநீரகம் இரண்டும் கெட்டு மூன்று வருடமாக வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் டயாலிசிஸுக்கு உட்கார்ந்திருக்கிறான். ஊசி குத்திக் குத்தி இடது கை உலக்கை மாதிரி வீங்கிவிட்டது. 'இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம், அதுக்கு மேல குத்த இடம் இல்ல' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஆணையத்திலிருந்து வந்த கடிதத்தை எடுத்து நீட்டினான். 'பட்டியலில் உள்ளோர்: 1. தங்கள் வரிசை எண்: 1. தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று இருந்தது.

"நல்ல விஷயம்தானேண்ணே," என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். முந்தாநாள் பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட பெருமையா காட்டினேன். அவரு பையிலேருந்து அவரு லெட்டரை எடுக்கறாரு. அவரும் ஒண்ணாம் நம்பர். அப்புறம் அந்தப் பக்கத்து அம்மா. எங்க ஹால்ல பதினெட்டு நாற்காலி, பதினெட்டும் ஒண்ணாம் நம்பர்! நீ அங்கதானே குப்பை கொட்டுற? எங்கள்ல யாரு அந்த ஒருத்தன்னு கேட்டுச் சொல்லேன்."

அவள் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆணையத்தின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கிருந்தாவது ஒரு சிறுநீரகம் தானமாக வரும். ஐஸ் பெட்டியில் அது ஒரு நாள்தான் தாங்கும். அதற்குள் டேட்டாபேஸ், காத்திருப்போர் பட்டியலையும் ஆய்வுக்கூடப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, இது யாருக்குப் பொருந்தும், பொருந்துகிறவர்களில் யார் முதலில் வந்தவர் என்று சொல்ல வேண்டும். இந்தத் தேடலைக் காலை ஒன்பது மணிக்குத் தட்டிவிடுவார்கள். அது முடிய ஒன்பது மணி நேரம் ஆகும். ஆனால் ஐந்தரைக்கு இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். மனிதர்களுக்கு ஓய்வு உண்டு, இயந்திரத்துக்குக் கிடையாதா என்று ஆணையம் எப்போதோ கருணையோடு முடிவெடுத்திருந்தது. ஆக, தேடல் ஒவ்வொரு தடவையும் கரை சேர அரை மணி இருக்கும்போது செத்துப்போகும். வந்த உறுப்பு வீணாகிவிடக் கூடாதே என்று தலைவர் தமக்குத் தெரிந்த நாலு பேருக்கு ஃபோன் போட்டு, வேண்டுமா என்று விசாரிப்பார். எப்போதும் யாருக்காவது வேண்டியிருக்கும்.

தேடலை வேகப்படுத்த முயற்சி எதுவும் நடக்கவில்லை என்று யாரும் நாக்கில் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது. அதற்கென்று வேகப் பிரிவு ஒன்று இருந்தது. அதன் அதிகாரி ஒரு கையெழுத்துப் போட ஒன்பது நாள் எடுத்துக்கொள்வார். அவசரக் கையெழுத்து என்றால் பதினொன்று, ஏனென்றால் அதற்குத் தனி மை. அவர் மூன்று முறை புது சர்வர் வரவழைத்திருந்தார். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. தேடல் நேரம் ஒன்பது மணி நேரத்திலிருந்து எட்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்துக்கு இறங்கியது. அந்த இரண்டு நிமிடத்தைக் கொண்டாடக் குழு போட்டோ எடுத்துக்கொண்டது; போட்டோ எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை ஒப்பந்தம் பிரிண்டரை விட்டுவிட்டு சர்வர் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். தேடலை எடுத்து, 'இதை எப்படிச் செய்கிறாய், செய்துகொண்டே உன் திட்டத்தைக் காட்டு' என்று டேட்டாபேஸைக் கேட்டாள். அப்படிக் கேட்டால் அது மறைக்காமல் காட்டும். பன்னிரண்டு வருடத்தில் யாரும் கேட்கவில்லை.

டேட்டாபேஸுக்குள் பிளானர் என்று ஒரு பகுதி உண்டு. எந்த வழியில் தேடினால் சீக்கிரம் முடியும் என்று முதலில் யோசித்து வைப்பது அதன் வேலை. அது ஒவ்வொரு தடவையும் ஆட்களை எண்ணிக்கொண்டிருக்காது; ஓரமாகக் குறித்து வைத்திருக்கும் புள்ளிவிவரத்தைப் பார்த்து, இத்தனை பேர் என்றால் இந்த வழி என்று தீர்மானிக்கும். திட்டத்தின் மூன்றாவது வரியில் அவள் கண் நின்றது. 'காத்திருப்போர் பட்டியல். எதிர்பார்த்தது: 1. வந்தது: 41,206.'

அடக் கொடுமையே என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இருப்பது ஒரே ஒரு ஆள்தான் என்று பிளானர் நம்பியிருக்கிறது. ஒரு ஆளுக்காக ஆய்வுக்கூடப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு தடவை புரட்டினால் போயிற்று என்று அது போட்ட கணக்கில் தப்பே இல்லை. புரட்டி நிமிர்ந்தால் அடுத்த ஆள் நிற்கிறார். சரி, இவருக்கும் புரட்டுவோம் என்று மறுபடி முதல் பக்கம். இப்படி நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு தடவை. இத்தனை பேர் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால், பதிவேட்டை ஒரே தடவை புரட்டி ஆள்வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு நாலு நொடியில் முடித்திருக்கும்.

புள்ளிவிவரம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளக் கூடியது. இந்தப் பட்டியலுக்கு மட்டும் யாரோ பூட்டுப் போட்டிருந்தார்கள். பூட்டுக்குப் பக்கத்தில் ஆறு வருடத்துக்கு முந்தைய குறிப்பு ஒன்று இருந்தது: 'தலைவரின் ஆண்டு விழா உரைக்கு இணங்க.' அந்த உரையில் தலைவர், காத்திருப்போர் ஒருவர்கூட இல்லை என்று முழங்கியிருந்தார். யாரோ ஒரு விசுவாசி போய் டேட்டாபேஸில் பூஜ்யம் என்று எழுதிப் பூட்டிவிட்டான். பூஜ்யம் என்று எழுதினாலும் பிளானர் அதைக் குறைந்தது ஒன்று என்றுதான் வைத்துக்கொள்ளும். தலைவர் அளவுக்கு அதற்குத் துணிச்சல் போதாது. வாசல் பலகையும் கடிதம் அச்சடிக்கும் இயந்திரமும் அதே எண்ணைத்தான் எடுத்துக்கொண்டிருந்தன.

அவள் வேக அதிகாரியிடம் ஓடினாள். "சார், காரணம் கிடைச்சிடுச்சு. பிளானர் தப்பான வழியைப் பிடிக்குது."

அதிகாரி பேனாவை மூடினார். "யாரும்மா அந்தப் பிளானர்? எந்தப் பிரிவு?"

"ஆள் இல்ல சார். டேட்டாபேஸ்ல ஒரு பகுதி."

"பகுதின்னா? நானும் இந்த ஆணையத்துல ஒரு பகுதிதான். நான் தப்பான வழியில போனா என்னைக் கேட்க மாட்டாங்களா?"

"உங்களை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்."

"நான் எந்த வழியிலயும் போனதில்லம்மா. அதான் கேட்கல. திட்டம் போடற வேலைன்னா பொறுப்பான வேலை. விளக்கம் கேட்டு மெமோ குடுத்துடலாம்."

கேலி என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பதினோராம் நாள் சர்வரின் முகத்தில் ஒரு மெமோ ஒட்டியிருந்தது. 'பிளானர் அவர்களுக்கு: தாங்கள் நீண்ட காலமாகத் தவறான வழியைப் பின்பற்றி வருவது கவனத்துக்கு வந்துள்ளது. மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.' மூன்று நாளில் விளக்கம் வரவில்லை. 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று பதிந்து, பிளானரின் அடுத்த பதவி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். மெமோ காற்றோட்டத் துளைகளை மூடியிருந்ததால் சர்வர் சூடேறித் தேடல் இன்னும் பத்து நிமிடம் நீண்டது. ஒப்பந்தம் அதைக் கிழித்துக் கூடையில் போட்டாள். அரசு ஆவணத்தைக் கிழித்தது யார் என்று விசாரிக்க உடனே ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு மட்டும் மறுநாளே கூடியது, கிழித்தவளைத் தலைவர் முன் நிறுத்தியது.

ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று. தலைவர் அறைக்குள் அவள் காலெடுத்து வைப்பது அதுவே முதல் தடவை. திட்டத்தை அச்சடித்துக் கையோடு கொண்டுபோயிருந்தாள். ஒன்று, நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு, இரண்டையும் வட்டம் போட்டுக் காட்டினாள். பூட்டை எடுத்து ஒரு தடவை எண்ணச் சொன்னால் போதும், பதினோரு நொடி வேலை, அப்புறம் தேடல் நாலே நொடியில் முடியும் என்றாள்.

ஒன்பது மணி நேரம் நாலு நொடியாகும் என்றதற்கு ஒருவர் முகத்திலும் அசைவில்லை. இரண்டாவது வட்டத்தைப் பார்த்ததும்தான் எல்லோரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரும்மா. ஆறு வருஷம் முன்னாடி மேடையில யாருமே காத்திருக்கலன்னு நான் சொன்னேன். மனசாரச் சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. நான் அவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் நாப்பத்தோராயிரம் பேர் வந்து காத்திருக்காங்கன்னா, தப்பு என் மேலயா, அவங்க மேலயா?"

"அவங்க மேலதான் சார்," என்றார் வேக அதிகாரி. வாழ்நாளில் அவர் வேகமாகச் செய்த ஒரே காரியம் அது.

"இந்தக் கட்டடத்துல நான் சொன்னதை அப்படியே நம்புற ஒரே ஜீவன் இந்தப் பிளானர்தான்," என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "அதுக்குப் போய் மெமோ குடுத்திருக்கீங்க. முதல்ல அதை வாபஸ் வாங்குங்க."

"சார், அது நம்புறதாலதான் ஆட்கள் சாகறாங்க," என்றாள் ஒப்பந்தம். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. உங்க பிரச்சினை எனக்குப் புரியுது. புள்ளிவிவரம் ஒண்ணு சொல்லுது, பட்டியல் வேற சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போகணும். அவ்வளவுதானே?"

"ஆமா சார்."

"அப்போ பட்டியலைத் திருத்திடுங்க."

அவளுக்குப் புரியவில்லை. வேக அதிகாரி விளக்கினார். புள்ளிவிவரம் தலைவர் வாயால் வந்தது, அதில் கை வைக்க முடியாது. பட்டியல் யார் யாரோ சேர்ந்ததால் வளர்ந்தது. ஆகவே நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஐந்து பேரைப் பட்டியலிலிருந்து எடுத்து, 'பொறுமை நிறைவு பெற்றோர்' என்று ஒரு தனிப் பதிவேட்டில் போட்டுவிட வேண்டியது. மிச்சம் ஒருவர். பிளானர் நினைத்தது நிஜமாகிவிடும், தேடல் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடியும், பலகையையும் மாற்ற வேண்டாம்.

"அழிக்கல, ஓய்வு குடுக்கறோம்," என்றார் தலைவர். "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வெளியிலேருந்து விருந்தாளிங்க வராங்க. அதுக்குள்ள முடிச்சிடுங்க. வேகமான தேடலை மேடையிலயே போட்டுக் காட்டணும்."

தலைவர் எழுந்து வந்து, ரொம்பப் பரிவாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க அண்ணனுக்குக் கிட்னி வேணுமாமே? விசாரிச்சேன். மிச்சம் வைக்கற அந்த ஒருத்தர் யாருன்னு ஆணையம் இன்னும் முடிவு பண்ணல. நல்ல வேலை பார்த்திருக்கீங்க. உங்க அண்ணன் பேரையே விட்டுடுங்களேன்."

ஆசை வந்ததா என்றால் வந்தது, பொய் சொல்வானேன். மூன்று நாள் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீங்கின கையை நினைத்தாள். நாற்பத்தோராயிரம் பேரில் ஒருவர் முகமும் அவளுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்காக உடன்பிறந்தவனைப் பலி கொடுக்க நான் என்ன மகாத்மாவா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடம், இப்படி நினைக்கிறேனே, நானும் இவன்கள் மாதிரி ஆகிவிட்டேனா என்று அழுதாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவன் முகத்தைப் பார்த்தே தீர்மானித்துவிடுவோம் என்று பயம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஐஸ் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு சிறுநீரகம். வழக்கமான தேடலைத் தட்ட வேண்டாம், மேடையில்தான் தட்ட வேண்டும் என்று உத்தரவு. பதினொரு மணிக்கு முன்கூடத்தில், பலகைக்கு நேர் கீழே, விருந்தாளிகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் சர்வர் அறையில் தனியாக இருந்தாள். முன்கூடத்துப் பேச்சு ஒலிபெருக்கி வழியாக அங்கேயும் கேட்டது.

திரையில் அவள் ஆணையத்தின் கட்டளையை அடித்து வைத்திருந்தாள்: பட்டியலில் இந்த ஒரு எண்ணைத் தவிர மற்ற எல்லோரையும் எடுத்துவிடு. எண் அண்ணனுடையது. விரல் ஒரு பொத்தானுக்கு மேல் நின்றது. அப்போது பதினெட்டு நாற்காலி ஹாலில் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருப்பது மாதிரி அவளுக்குத் தோன்றியது. சுற்றிப் பதினேழு நாற்காலி காலி. அண்ணன் அவளைப் பார்த்து, 'இவங்கல்லாம் எங்க?' என்று கேட்டால் என்ன சொல்வது?

அடித்ததை முழுக்க அழித்தாள். பூட்டை எடுத்தாள். 'பட்டியலை எண்ணு' என்ற ஒற்றை வரியை அடித்துப் பொத்தானை அழுத்தினாள்.

ஒலிபெருக்கியில் தலைவர் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார். "...உலகத்திலேயே ஒரே ஒரு ஆள் மட்டும் காத்திருக்கும் ஆணையம் எது? அந்த ஒரு ஆளும் இன்றைக்கு முடிந்துவிடுவார் என்பதைப் பெருமையோடு..."

பதினோரு நொடி ஆயிற்று. முன்கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ ஒரு விருந்தாளி, "அது என்னங்க நாப்பத்தோராயிரம்?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

தலைவர் திரும்பிப் பலகையைப் பார்த்திருக்க வேண்டும். இருமினார். யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்கள். அப்புறம் அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார் பாருங்கள்! "இதைத்தான் உங்களுக்குக் காட்ட நினைத்தேன். இவ்வளவு காலமும் யார் கண்ணிலும் படாத நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு பேரை, என் பேச்சு முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டோம்! வேறு எந்த ஆணையத்தால் இது முடியும்? நாங்கள் ஒருவரையும் மறைப்பதில்லை!"

கைதட்டல் கட்டடத்தைக் குலுக்கியது. இனி அந்த எண்ணை யாராலும் திரும்பப் பூட்ட முடியாது, பெருமை தலைவருடையதாகிவிட்டது.

ஒப்பந்தம் அதே கையோடு தேடலைத் தட்டினாள். நாலு நொடி. பெயர் வந்தது. பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல் வேலை பார்க்கும் முப்பத்தோரு வயதுப் பெண், எட்டு வருடமாகக் காத்திருப்பவள். அண்ணன் இல்லை. அவள் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தாள். வயிறு எரிந்தது. எரியத்தான் செய்தது. அச்சடித்து, பெட்டிக்காரரிடம் கொடுத்து, அவர் வண்டி வாசலைத் தாண்டும்வரை கூடவே போய் நின்றாள். மேலே தலைவர் அறையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் வேகப் பிரிவுக்கு விருது அறிவித்தார்கள். ஒப்பந்தத்துக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதியின்றி ஒரே காலையில் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஐந்து நோயாளிகளை உண்டாக்கியது குற்றம். இருபத்தைந்தாவது நீட்டிப்பு கிடையாது. இன்றே சாவியை ஒப்படைக்கவும். வேக அதிகாரி அதில் நாலே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அன்று அவனுக்கு நாற்காலி நாள். பின்னால் இயந்திரங்கள் இரைவது கேட்டது.

"இன்னைக்கு ஒரு கிட்னி வந்துதுண்ணே. உனக்கு இல்ல. வேற ஒரு பொண்ணுக்குப் போயிடுச்சு."

"சரி விடு."

"விட முடியலண்ணே. நாப்பத்தோராயிரம் பேரைத் தூக்கிட்டு உன் பேரை மட்டும் வைக்கச் சொன்னாங்க. வெச்சிருந்தா உனக்குக் கிடைச்சிருக்கும். இது இல்லன்னா அடுத்தது. நான் வைக்கல."

"அடிப்பாவி," என்றான் அண்ணன். அப்புறம், "வேலை?"

"போயிடுச்சு."

"அதுவும் போச்சா." மூக்கை உறிஞ்சினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. "சரி, இப்பவாவது உண்மையைச் சொல்லு. நான் எத்தனாவது?"

"ஒம்பதாயிரத்து நூத்தி நாலு."

"காலையில?"

"ஒம்பதாயிரத்து நூத்தி அஞ்சு."

அண்ணன் ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் சத்தமாகச் சொல்வது அவளுக்குக் கேட்டது:

"வரிசை நகருதாம்ங்க."